டிராக்டர் அப்பாரு

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், இந்த வருடம் மறைந்தவர்களை நினைவுகூர்ந்த நிகழ்ச்சியில் வாசித்தது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லைங்க. குழுவில் தீர்மான நோட்டு எழுதுறவ நான். அதனால எழுதி வெச்சுத்தான் படிக்கிறேன்.

மகளிர் குழு விழாவில் ஒரு ஆம்பளையைப் பத்தி எதுக்குப் பேசணும்னு எங்க ஊர்லயே ரெண்டு பேர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எங்க ஊர்ல இன்னைக்கு அஞ்சு பொம்பளைங்க டிராக்டர் ஓட்டறோம். எங்க குழு ஒரு பழைய டிராக்டர் வாங்கி, வாடகைக்கு ஓட்டி, வங்கிக் கடனை ஒரு தவணை தவறாம கட்டி முடிச்சிருக்குது. ரெண்டுக்கும் பின்னாடி நின்னவரு போன மாசியில் காலமான எங்க டிராக்டர் அப்பாரு. வயசு 81. எனக்கு ரத்த சொந்தம் கிடையாதுங்க. ஊர்ல சின்னஞ்சிறுசுக எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவரு பெரிய பண்ணையக்காரர் இல்லை. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நாலு ஏக்கரா, மேட்டுக்காடு ரெண்டு ஏக்கரா. மஞ்சள், நெல்லு, கொஞ்சம் கரும்பு. வீட்டுக்குப் பின்னாடி ஒரு நீளமான சாளை. அதுக்குள்ள ஏழு டிராக்டர். பழைய வண்டி சேர்க்கறவங்கன்னா காசு நிறைய இருக்கறவங்கன்னு நினைப்போம். இவரு வாங்கினதெல்லாம் புளியமரத்தடியில் துருப்பிடிச்சு நின்னது, டயர் மண்ணுக்குள்ள இறங்கினது, செடி முளைச்சது. எடைக்குப் போட இருந்ததை எடை வெலைக்கே கேட்டு வாங்கி இழுத்துட்டு வருவாரு.

முதல்ல அவரோட சொந்த உழவு வண்டி, எச்.எம்.டி. ஜீட்டர். கைக்கடிகாரம் செஞ்ச அதே எச்.எம்.டி. கம்பெனி 1971-ல் செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜீட்டர் கம்பெனியோட சேர்ந்து 25 குதிரைத்திறன் வண்டி செய்ய ஆரம்பிச்சாங்க. அதுக்கு வயசாயி புதுசா மாசி 1035 வாங்கினப்ப, பழசைத் தள்ளிவிட மனசு வரலை. "உழைச்ச மாட்டை அடிமாட்டுக்கு அனுப்புவியா அம்முணி?"ன்னு கேப்பாரு. அங்கதான் ஆரம்பிச்சுது. அப்புறம் ஒத்தை சிலிண்டர் ஐச்சர் ஒண்ணு வந்துச்சு. நம்ம நாட்டுலயே முதன்முதலா டிராக்டர் செஞ்சது ஐச்சர்தான், 1959-ல், ஃபரிதாபாத்துல. அந்த வண்டி கிளம்பினா டொக்கு டொக்குன்னு நாலு காடு தள்ளிக் கேக்கும். அப்புறம் ஒரு இன்டர்நேஷனல் பி-275, ஒரு ஃபோர்டு. கடைசியா இஞ்சினே இல்லாத ஒரு ரஷ்ய டிராக்டர். அதுக்குள்ள ஆத்தாளோட கோழிக அடை கிடந்துச்சு. ஆத்தான்னா அவரோட வீட்டுக்காரம்மா. அவங்களைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

ஏழாவது வண்டி ஃபெர்குசன். அவரு உசுரு அதுலதான் இருந்துச்சு. சாம்பல் நிறம், குட்டை வண்டி, முன்னாடி ரெண்டு விளக்கு. இங்கிலாந்துல கோவென்ட்ரிங்கற ஊர்ல 1946-ல் இருந்து 1956 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல செஞ்சாங்களாம். அப்பாரு பள்ளிக்கூடத்துப் பையனா இருந்தப்ப, பவானிசாகர் அணை கட்டி வாய்க்கால்ல தண்ணி வந்த காலம், பக்கத்து ஊர்ப் பண்ணைக்கு ஒண்ணு வந்துச்சாம். ரெண்டு மைல் அது பின்னாடியே ஓடியிருக்காரு. கெழவனாகி, அதே மாதிரி ஒண்ணை ஒரு மாந்தோப்புல கண்டுபிடிச்சு வாங்கினாரு. பிஸ்டன் இறுகிப்போய் ஹேண்டில் அசையலை. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி, இருபது நாள் விட்டு, தினமும் சாயங்காலம் ஹேண்டிலை ஒரு தடவை மட்டும் அழுத்திப் பார்ப்பாரு. அடிக்க மாட்டாரு, உதைக்க மாட்டாரு. இருபத்தி ஒண்ணாம் நாளு அரை சுத்து சுத்துச்சு. ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தாரு.

அந்த வண்டியை உருவாக்கின ஹாரி ஃபெர்குசன் அயர்லாந்துல ஒரு விவசாயி மகன். அதுக்கு முன்னாடி கலப்பையைப் பின்னாடி சும்மா கட்டி இழுத்தாங்க. கல்லுலயோ வேர்லயோ கலப்பை மாட்டினா டிராக்டர் முன்பக்கம் தூக்கி, ஓட்டறவர் மேலயே கவுந்துடும். எத்தனையோ பேர் செத்திருக்காங்க. ஃபெர்குசன் கீழ ரெண்டு கை, மேல ஒரு கைன்னு மூணு இடத்துல பூட்டி, ஹைட்ராலிக்ல தூக்கற மாதிரி செஞ்சாரு. கலப்பை மாட்டினா மேல் கை வண்டியோட மூக்கைக் கீழ அமுக்கும். நாளைக்கு உங்க காட்டுக்கு உழவுக்கு வர்ற டிராக்டர் எந்தக் கம்பெனியா இருந்தாலும் பின்னாடி போய்ப் பாருங்க. அதே மூணு கைதான். எவரெஸ்ட் ஏறின ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கே இந்த ஃபெர்குசன்லதான் போய்ச் சேர்ந்தாருன்னு அப்பாரு சொன்னப்ப நான் நம்பலை. அப்புறம் என் மகன் போன்ல படம் எடுத்துக் காட்டினான். பனிக்குள்ள நிக்குது, எங்க சாளையில் நிக்கற அதே வண்டி!

இனி எங்க குழு விஷயம். எங்க ஊர்ல பாதி வீட்டு ஆம்பளைங்க திருப்பூர் கம்பெனிக்குப் போறவங்க. காடு பொம்பளைங்க கையில். மழை பேஞ்சு ஈரம் இருக்கறப்பவே உழவு ஓட்டணும். டிராக்டருக்குச் சொன்னா, "பெரிய காடு முடிச்சுட்டு வாறேன்"னு சொல்லுவாங்க. அரை ஏக்கரா, ஒரு ஏக்கரா வெச்சிருக்கறவங்க கடைசி. வண்டி வர்றப்ப மண்ணு கட்டியாயிருக்கும். ஒரு வருஷம் எங்க குழுவுல நாலு பேரோட நிலக்கடலை வெதைப்பு அப்படியே தப்பிப்போச்சு. அந்த மாசக் கூட்டத்துலதான் நாமளே ஒரு பழைய டிராக்டர் வாங்கலாம்னு தீர்மானம் எழுதினோம். எழுதிட்டோமே தவிர, நல்ல வண்டி எது, நொள்ளை வண்டி எதுன்னு யாருக்குத் தெரியும்? அப்பாருகிட்டப் போனோம்.

முதல் வண்டியைப் பார்க்கப் போனப்ப அவரு கிட்டப் போனதும் பானெட் மேல உள்ளங்கையை வெச்சாரு. சூடா இருந்துச்சு. "காத்தாலேயே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்கறீங்க. ஆறட்டும். நாங்க டீ குடிச்சுட்டு வாறோம்"னாரு. ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தோம். ஆறின பிறகு அந்த வண்டி கிளம்பவே இல்லை.

ரெண்டாவது வண்டி பார்க்க பளபளன்னு புது பெயின்ட். மீட்டர்ல ஓடின மணி ரொம்பக் கம்மி. அப்பாரு மீட்டரைப் பார்க்கலை, குனிஞ்சு கிளட்ச் பெடலைப் பார்த்தாரு. பெடல் இரும்பு வழவழன்னு தேய்ஞ்சு கிடந்துச்சு. "காலு பொய் சொல்லாது அம்முணி"னாரு. ஆயில் குச்சியை இழுத்துக் காட்டினாரு, ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்துச்சு. தண்ணி கலக்குதுன்னு அர்த்தம்.

மூணாவது வண்டியில் எல்லாத்தையும் எங்களையே பார்க்கச் சொன்னாரு. வண்டி ஓடறப்ப ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபுன்னு வருதான்னு பாரு. கலப்பையைத் தூக்கி நிறுத்திட்டு இஞ்சினை நிறுத்து, கலப்பை உடனே கீழ இறங்கினா ஹைட்ராலிக் ஒழுகுது. முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி ஆட்டிப் பாரு. கடைசியா ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக் கொடுத்து, "படிச்சவ நீ, இதைப் பாரு"ன்னு என்கிட்ட நீட்டினாரு. முன்னாடி வாங்கின பேங்க் கடன் அதுல இன்னும் பதிவாயே இருந்துச்சு. கடன் தீர்ந்ததுக்குப் பேங்க் கடிதம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அதை நீக்கின பிறகுதான் பணம் கைமாறணும்னு நின்னோம். பத்து நாள் ஆச்சு. 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு முடிச்சோம். தரகு ஒரு ரூபா கிடையாது. அப்பாரு எங்ககிட்ட வாங்கினது ஒரு வெத்தலைப் பாக்குத் தட்டு.

வண்டி வந்துடுச்சு, ஓட்டறது யாரு? டிரைவருக்குச் சம்பளம் கொடுத்தா தவணை கட்ட முடியாது. "நீங்களே ஓட்டுங்க"ன்னு அப்பாரு சொன்னப்ப சிரிச்சுட்டோம். அவரு சிரிக்கலை.

எங்களுக்குப் பாடம் நடந்தது அந்த ஃபெர்குசன்ல. அதுல ஒரு விசேஷம், ஸ்டார்ட் பண்ற சாவியே கியர் தண்டுதான். தண்டை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் பக்கம் தள்ளினாத்தான் இஞ்சின் கிளம்பும். கியர்ல விழுந்திருக்கறப்ப கிளம்பவே கிளம்பாது. தெரியாத்தனமா வண்டி பாய்ஞ்சு சுவத்துல மோதற பயம் இல்லை. "பொம்பளைப் புள்ளைக கத்துக்க இதுக்கு மேல பத்திரமான வண்டி கிடையாது"ன்னாரு. பொம்பளைப் புள்ளைகன்னு சொன்னதுல எனக்கு உள்ளுக்குள்ள கோவம். அப்புறம் பார்த்தா அவரு பேரனும் அதுலதான் கத்துக்கிட்டு இருந்தான். ஹேண்டில் போட்டுக் கிளப்பவும் சொல்லிக் கொடுத்தாரு. கட்டை விரலை மத்த விரலோட ஒரே பக்கமா வெச்சுக்கணும், வளைச்சுப் பிடிக்கக் கூடாது. இஞ்சின் திருப்பி உதைச்சா கட்டை விரல் முறிஞ்சிடும். அதை நூறு தடவை சொல்லியிருப்பாரு.

அவரு கடுமையா இருந்தது ஒரு விஷயத்துல மட்டும்தான், சேலை. ரொட்டவேட்டரைச் சுத்தற தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்தும். "நொடிக்கு ஒம்போது சுத்து. முந்தானை நுனி மாட்டினா ஐயோன்னு வாயைத் திறக்கறதுக்குள்ள ஆளையே சுருட்டிடும்"னு சொல்லி, முதல் நாளு எங்களை வண்டியில் ஏத்தாம, ஒரு பழைய துணியை அந்தத் தண்டுகிட்டப் போட்டுக் காட்டினாரு. நான் இன்னும் அதை மறக்கலைங்க. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, முந்தானை உள்ள சொருகணும், சடையைச் சுத்திக் கொண்டை போடணும். வண்டியை நிறுத்தாம பின்னாடி இறங்கிப் போகக் கூடாது. மீறினா அன்னைக்குப் பாடம் கிடையாது. டிராக்டர் வெச்சிருக்கற குழுக்கள் இங்க நிறைய இருக்கறீங்க. இதை மட்டும் உங்க தீர்மான நோட்டுலயே எழுதி வெச்சுக்கோங்க.

முதல்ல ஊர்ல சிரிச்சாங்க. டீக்கடையில் நின்னு பாட்டுப் பாடினாங்க. என் வீட்டுக்காரரே ஒரு மாசம் சரியாப் பேசலை. லைசன்ஸ் எடுத்துட்டு வந்து காட்டினப்பதான் பேசினாரு. அதெல்லாம் பெரிய கதை, விடுங்க. சென்னையில் இருக்கற டாஃபே கம்பெனி, அதாங்க மாசி ஃபெர்குசன் டிராக்டர் செய்யறவங்க, அதுக்குத் தலைவரே மல்லிகா சீனிவாசன்னு ஒரு பொம்பளைதான்னு அப்பாரு டீக்கடையில் போய்ச் சொல்லிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைஞ்சுது.

இப்ப ஆத்தாளைப் பத்திச் சொல்றேன். அப்பாரைப் பத்தி இவ்வளவு நல்லது சொல்லிட்டு இதைச் சொல்லாம விட்டா சரியாகாது. அந்த ஃபெர்குசனை வாங்கறதுக்கு ஆத்தாளோட அஞ்சு பவுன் ஆரத்தை அடகு வெச்சாரு. "ஏனுங்க, எப்ப திருப்புவீங்க?"ன்னு ஆத்தா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அது திரும்பவே இல்லை. வீட்டு ஓடு ஒழுகினப்ப சாளைக்குத் தகரம் போட்டாரு. ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைச்சு வரிசையா முறத்துல வெச்சுக் கொடுத்தது ஆத்தா. ஊர்ல இருந்து யாராவது பார்க்க வந்தா, "எல்லாம் நானே ரெடி பண்ணுனது"ன்னு சொல்லுவாரு. ஆத்தா பின்னாடி நின்னு டீ ஆத்திக்கிட்டு இருப்பாங்க. நல்ல மனுசன்தான். ஆனா இதுல எனக்கு அவரோட உடன்பாடு கிடையாது. அவரு உசுரோட இருந்தப்பவே அவர்கிட்டச் சொல்லியிருக்கேன். "நீ சொல்றது வாஸ்தவந்தான் அம்முணி"ன்னு சொல்லிட்டு ஸ்பானரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அவரு போன பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே பழைய இரும்பு எடுக்கறவர் லாரியோட வந்துட்டாரு. மகன்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் வெளியூர்ல வாடகை வீட்டுல இருக்காங்க, பிள்ளைக படிப்புச் செலவு இருக்குது. ஃபெர்குசன் ஒரு டன்னுக்கு மேல எடை, கிலோ 32 ரூபான்னு கணக்குப் போட்டு, 35 ஆயிரம் சொச்சம் தர்றேன்னாரு. மகன்க தலையாட்டிட்டாங்க. ஆத்தா திண்ணையில் இருந்து எந்திரிச்சு வந்து வண்டி முன்னாடி நின்னாங்க. "அது இரும்பு இல்லை சாமி, என்ற ஆரம். ஆரத்தை இரும்பு வெலைக்கா போடுவீங்க?"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. சத்தம்கூடப் போடலை.

அன்னைக்குச் சாயங்காலம் ஆத்தா எங்க குழுக் கூட்டத்துக்கு வந்தாங்க. அதுக்கு முன்னாடி அவங்க வந்ததே இல்லை. "எனக்கு இதுல பாத்தியதை இருக்குதா?"ன்னு கேட்டாங்க. நாங்க கூட்டமைப்பு அக்காகிட்டக் கேட்டு, அவங்க இலவச சட்ட உதவி வக்கீல்கிட்டக் கேட்டாங்க. உயில் எழுதாமப் போனவரோட சொந்தச் சொத்துல, 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பொண்டாட்டிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சமபங்கு. வண்டியும் சொத்துதான். அம்மா, ரெண்டு மகன், ஒரு மகள்னா, நாலுல ஒரு பங்கு ஆத்தாளுக்கு. அவங்க கையெழுத்து இல்லாம எதையும் கைமாத்த முடியாது. ஓட்டற வண்டிகளை வாரிசு பேருக்கு மாத்த மூணு மாசத்துக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல 31-ம் நம்பர் படிவம் கொடுக்கணும்னும் சொன்னாங்க. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுக்கா ஆபீஸுக்கு ஆத்தாளை நானும் எங்க ஊக்குநரும் கூட்டிட்டுப் போனோம். நாலு நடை ஆச்சு.

கடைசியில் வீட்டுக்குள்ள உக்காந்து பேசி முடிச்சாங்க. சண்டை இல்லை. ஃபோர்டும் இன்டர்நேஷனலும் ஓடற நிலையில் இருந்ததால நல்ல வெலைக்குப் போச்சு, அந்தப் பணம் மகன்களுக்கு. மாசியைச் சின்ன மகன் வெச்சுக்கிட்டாரு. ரஷ்ய வண்டி எடைக்குப் போயிடுச்சு. கோழிகதான் ரெண்டு நாளு அந்த இடத்தையே சுத்திக்கிட்டு இருந்துச்சுக. ஃபெர்குசன், ஜீட்டர், ஐச்சர் மூணும் ஆத்தாளுக்கும் மகளுக்கும். ஃபெர்குசனைக் கேட்டு வெளியூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. இரும்புக்காரர் சொன்னதைவிட எத்தனையோ மடங்கு கூடச் சொன்னாரு. ஆத்தா இன்னும் பதில் சொல்லலை. விக்கவும் செய்வாங்க, வெச்சுக்கவும் செய்வாங்க. அது அவங்க இஷ்டம். விக்காதீங்கன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரலை. அந்தக் கழுத்துல இன்னைக்கும் ஒரு மஞ்சக் கயிறுகூட இல்லை.

அதுவரைக்கும் வண்டிக கெட்டுப்போகக் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் காலையில் நாங்க ரெண்டு ரெண்டு பேராப் போய் மூணு வண்டியையும் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தறோம். டயர் தரையில் அழுந்தாம இருக்க அச்சுக்குக் கீழ கட்டை கொடுத்திருக்கோம். போன மாசம் ஜீட்டர் கிளம்பலை. டீசல் தீர்ந்து குழாய்க்குள்ள காத்து ஏறிடுச்சு. ஃபில்டர் மேல இருக்கற திருகைத் தளர்த்தி, கை பம்பை அடிச்சு, நுரை நின்னு வெறும் டீசல் வர்ற வரைக்கும் விட்டு, திருகை இறுக்கினோம். கிளம்பிடுச்சு. சத்தம் கேட்டு ஆத்தா அடுப்படியில் இருந்து வெளிய வந்து எட்டிப் பார்த்துட்டு உள்ள போயிட்டாங்க.

அவரு விட்டுட்டுப் போனதுல இன்னொண்ணு, மூணு நீளக் கணக்கு நோட்டு. எந்த வண்டிக்கு எந்த நட்டு எந்த அளவு, எந்த வண்டியோட பேரிங் எந்த வண்டிக்குச் சேரும், எல்லாம் பென்சில்ல, கிரீஸ் கறையோட. நடுநடுவுல மஞ்சள் வெல, ஆத்தாளுக்கு மூட்டு வலி மாத்திரை, மொய்க் கணக்கு. எலி கடிக்கறதுக்குள்ள அதை நான் புது நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் 64 பக்கம் ஆச்சு. பின் அட்டைக்கு உள்பக்கம் வருஷத்தைப் போட்டு, "ஆரம் திருப்ப வேணும்"னு எழுதியிருக்காரு. கீழ அடுத்த வருஷத்தைப் போட்டு மறுபடி அதே வரி. இப்படிப் பதினோரு வருஷம். நான் ஆத்தாளுக்கு அதைப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "எழுதி வெச்சா ஆச்சா கண்ணு?"ன்னு கேட்டுட்டு, நோட்டை வாங்கி முந்தானையில் துடைச்சு என்கிட்டயே திருப்பிக் கொடுத்தாங்க.

பழைய ஜீட்டருக்கு ஹெட் கேஸ்கட் ஒண்ணு வேணும். உங்க ஊர்ல யாராவது சாளையில், கெணத்து மேட்டுல போட்டு வெச்சிருந்தா சொல்லுங்க, நாங்களே வந்து எடுத்துக்கறோம். டிராக்டர் வாங்க யோசிக்கிற குழுக்கள் வெள்ளிக்கிழமை காலையில் எங்க ஊருக்கு வாங்க. ஏழு மணிக்குச் சாளையில் இருப்போம். சேலையில் வந்தா ஒரு சட்டையும் கொண்டாந்துடுங்க.